மாலஹைட் கோட்டை: கருத்த ஓக் பலகைக்காகவே போகலாம்

முப்பது வருஷமாக உளி பிடித்த கை என்னுடையது. கட்டடம் என்றால் கண் முதலில் மரத்தைத்தான் தேடும். அயர்லாந்தில் டப்ளினுக்கு வடக்கே இருக்கிற மாலஹைட் கோட்டைக்கு மருமகன் கூட்டிப்போனபோது, வாசலிலேயே எனக்குச் சந்தேகம். முகப்பில் நிற்கிற உருண்டைக் கோபுரங்கள் சண்டைக்குக் கட்டியவை மாதிரி இல்லையே! "சரியாப் பிடிச்சீங்க மாமா" என்றார். 1760-இல் ஒரு பக்கம் தீப்பிடித்து எரிந்த பிறகு, அழகுக்காகச் சேர்த்தவையாம்.

பழசு உள்ளேதான் இருக்கிறது. வழிகாட்டியோடுதான் போக வேண்டும், இஷ்டத்துக்குச் சுற்ற முடியாது. ஓக் அறைக்குள் கால் வைத்ததும் பேச்சு நின்றுவிட்டது. சுவர் முழுக்கக் கருத்துப்போன ஓக் பலகை, அதில் பைபிள் காட்சிகள் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். தொடக்கூடாது. கை பரபரத்ததை நான்தான் அறிவேன்.

கணப்புக்கு மேலே மாதாவுக்கு முடிசூட்டும் சிற்பம். 1185-இலிருந்து டால்பட் குடும்பத்து வீடாக இருந்தது இது. நடுவில், இங்கிலாந்தில் மன்னராட்சியைக் கவிழ்த்த குரோம்வெல் காலத்தில் மட்டும் பத்துப் பன்னிரண்டு வருஷம் மைல்ஸ் கார்பெட் என்பவர் கையில் இருந்தது. அவர் குடியேறியதும் அந்தச் சிற்பம் காணாமல் போய், டால்பட்டுகள் திரும்பியதும் தானாக வந்து சேர்ந்ததாம். எவனோ கெட்டிக்காரன் கழற்றி ஒளித்து வைத்திருப்பான் என்பது என் கணக்கு.

பெரிய கூடத்தில் வழிகாட்டிக்குக் குரல் தாழ்ந்தது. 1690-இல் ஜேம்ஸ், வில்லியம் என்ற இரண்டு அரசர்கள் மோதிய பாய்ன் போர் நடந்த அன்று காலை, டால்பட் உறவினர் 14 பேர் இங்கே ஒன்றாகச் சாப்பிட்டுக் கிளம்பினார்களாம், ஒருவரும் திரும்பவில்லையாம். அதே கூடத்து மூலையில் பக் என்கிற கோமாளியின் பேய் வரும் என்று ஒரு குட்டிக் கதவைக் காட்டினார். பேயை விடுங்கள், குனிந்தாலும் நான் நுழைய முடியாத நிலை அது!

வரவேற்பறைகள் ஒரு மாதிரிச் செங்காவி நிறம், எனக்கு ஒட்டவில்லை.

இந்தக் கோட்டையில் வாழ்ந்த கடைசி டால்பட் பிரபு மைலோ 1973-இல் இறந்தார். வாரிசு வரி கட்ட வழியில்லாமல் தங்கை ரோஸ் கோட்டையை விற்றார். 1976-இல் வீட்டுச் சாமான்கள் ஏலம் போயின. சிலவற்றைத் தேடி வாங்கித் திரும்ப வைத்திருக்கிறார்கள். நாற்காலி, மேசையைப் பார்க்கும்போது இது எந்த ஊர் சுற்றிவிட்டு வந்ததோ என்றுதான் தோன்றியது.

மைலோ செடிப் பைத்தியம். டாஸ்மேனியாவிலிருந்தெல்லாம் கொண்டுவந்து நட்ட தோட்டம் பின்னால் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.