கட்டில்களை எண்ணிய பிறகு: 33 வயதில் ஒரு நர்சிங் பள்ளியை மதிப்பிட்டது

கரூருக்கு அடுத்த ஒரு நகரின் புறவழிச்சாலையில் இருக்கும் தனியார் நர்சிங் பள்ளி ஒன்றுக்குச் சேர்க்கைக் கட்டணம் கட்டுவதற்கு முன் மூன்று முறை சென்று வந்தேன். அந்த மூன்று நாட்களில் கண்டதையும் கேட்டதையும் இங்கே எழுதுகிறேன். பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் காணும் குறைகள் அந்த ஒரு பள்ளிக்கு மட்டும் உரியவை அல்ல என்று பிறகு தெரிந்துகொண்டதே காரணம். பிளஸ் டூ முடித்த கையோடு சேரும் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்ல ஊரில் ஆளுக்குக் குறைவில்லை. முப்பது வயதைத் தாண்டி, கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு இந்தப் படிப்புக்குப் போகலாமா என்று யோசிப்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

நான் 11 ஆண்டுகளாக ஒரு வீட்டு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். பேக்கிங் லிஸ்ட்டும் இன்வாய்ஸும் ஒத்துப்போகின்றனவா, பெட்டிகளின் எண்ணிக்கை சரியா என்று பார்ப்பதுதான் வேலை. சென்ற ஆண்டு, சர்க்கரை நோயால் காலில் புண் வந்து என் தாயார் அரசு மருத்துவமனையில் ஒன்பது நாள் படுத்திருந்தபோது அவருக்குத் துணையாக இருந்தேன். செவிலியர் என்றாலே தியாகம், தாய்மை என்று பேசுவார்கள். என்னை இழுத்தது அதுவன்று. இரவுப் பணி முடித்துப் போகும் சிஸ்டர், காலையில் வரும் சிஸ்டரிடம் ஒவ்வொரு கட்டிலாக நின்று, யாருக்கு எத்தனை யூனிட் இன்சுலின் போட்டது, எவ்வளவு சிறுநீர் போனது, யாருக்கு எந்தப் பரிசோதனை முடிவு வரவில்லை என்று ஒன்றுவிடாமல் ஒப்படைத்ததைப் பார்த்தேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு பெட்டி குறைந்தால் அதன் விலையைக் கழித்துக் கிரெடிட் நோட் எழுதிச் சரிசெய்துவிடலாம். இங்கே அப்படி முடியாது என்பது பார்த்த முதல் நாளே புரிந்தது. அந்தக் கவனம் எனக்கும் வரும் என்று தோன்றியது, அவ்வளவுதான் தொடக்கம்.

வழிகளைத் தேடும்போது பாதி கதவுகள் தாமாகவே மூடிக்கொண்டன. பி.எஸ்சி. நர்சிங் படிக்க பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். நான் வணிகவியல் பிரிவு. ஜி.என்.எம். எனப்படும் மூன்றாண்டு பொதுச் செவிலியர், மகப்பேறு பட்டயப் படிப்புக்கு அறிவியல் பிரிவை விரும்புவார்களே ஒழிய, வேறு பிரிவில் படித்தவர்களும் ஆங்கிலத்தோடு மொத்தம் 40 விழுக்காடு பெற்றிருந்தால் விண்ணப்பிக்க இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி இடம் தருகிறது. அதே விதி 35 வயதை மேல் வரம்பாக வைத்திருக்கிறது. எனவே ‘இன்னும் கொஞ்ச நாள் யோசிக்கலாம்’ என்ற ஆறுதல் எனக்கு இல்லை. பேருந்து நிலையச் சுவர்களில் ‘ஆறு மாதத்தில் நர்சிங்’ என்று ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளை நம்பியிருந்தால் பிழைப்பே போயிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை உதவியாளர் பயிற்சி. முடித்தாலும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாதவர் சட்டப்படி செவிலியர் இல்லை.

இனி பள்ளி. முதல் நாள் முறைப்படி சுற்றிக் காட்டினார்கள். நான்கு மாடிக் கட்டடம், சுத்தமான வகுப்பறைகள், படுக்கை விரிக்கவும் ஊசி போடவும் பழகுவதற்கான பயிற்சிக்கூடம், பிரசவம் காட்டும் பொம்மை, ஊட்டச்சத்து ஆய்வகம் என்று எல்லாம் இருந்தன. நூலகத்தில் புத்தகங்கள் போதுமான அளவு இருந்தன. ஆனால் பல புத்தகங்களின் முதுகில் மடிப்பே விழவில்லை. முதல்வர் மரியாதையாகப் பேசினார். என் வயதைக் கேட்டதும் ஒரு கணம் தயங்கி, “உங்க வயசுல சேர்றவங்க ரொம்பப் பொறுப்பா படிப்பாங்கம்மா” என்றார். அது பாராட்டா, சேர்க்கை எண்ணிக்கையா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதி வாசலில் மூன்றாமாண்டு மாணவியர் சிலரோடு பேசினேன். என்னை வரப்போகும் ஜூனியராகவும் ஏற்காமல், யாருடைய அம்மாவாகவும் நினைக்காமல், ஒருவழியாக ‘அக்கா’ என்று முடிவு செய்துகொண்டார்கள். அவர்களில் ஒரு பெண்தான், “பில்டிங்க பார்த்து முடிவு பண்ணாதீங்கக்கா, ஹாஸ்பிட்டலப் போயி பாருங்க” என்றாள். இந்த மதிப்புரை முழுவதும் அந்தப் பெண்ணுக்குக் கடன்பட்டது.

ஒவ்வொரு நர்சிங் பள்ளிக்கும் மாணவியர் நோயாளிகளிடம் கை பழகுவதற்கென, ‘பேரண்ட் ஹாஸ்பிடல்’ என்று சொல்லப்படும் தாய் மருத்துவமனை ஒன்று இருக்க வேண்டும். ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்ற விகிதத்தையும், கட்டில்களில் குறைந்தது 75 விழுக்காடு நிரம்பியிருக்க வேண்டும் என்பதையும் இந்திய நர்சிங் கவுன்சில் கேட்கிறது. காகிதத்தில் இவை வறண்ட விதிகள். வார்டில் நிற்கும்போதுதான் இவற்றின் பொருள் விளங்குகிறது. மூன்றாவது முறை, அப்பள்ளியின் 100 கட்டில் மருத்துவமனைக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, உறவினரைப் பார்க்க வந்தவள்போலச் சென்றேன். எண்ணுவது என் தொழில் என்பதால் எண்ணினேன்: பொது வார்டுகள் இரண்டிலும், தனி அறைகளின் வாசலில் தொங்கிய அட்டைகளையும் சேர்த்து, படுத்திருந்தவர்கள் 27 பேர். அங்கே சீருடையில் நின்ற மாணவியர் நாற்பதுக்குக் குறையாது. ஒரு முதியவருக்கு ரத்த அழுத்தம் பார்க்க நான்கு பெண்கள் காத்திருந்தார்கள். முதலாமவள் பார்த்து எழுதியதை மற்ற மூவரும் தம் பதிவேட்டில் பார்த்து எழுதிக்கொண்டார்கள். அந்த முதியவர் கையை நீட்டியபடியே சிரித்துக்கொண்டிருந்தார். பெண்கள்மீது எனக்குக் கோபம் வரவில்லை. கையில் அகப்பட்ட ஒரே நோயாளியை அவர்கள் பகிர்ந்துகொண்டார்கள். ஆய்வுக் குழு வருகிற நாளில் கட்டில்கள் எப்படியோ நிரம்பிவிடும் என்று விடுதி வாசலில் பேசிய மாணவியர் சொல்லியிருந்தார்கள். அதை நான் நேரில் பார்க்கவில்லை, ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அதை மறுக்கவும் மனம் வரவில்லை.

நம் ஊரில் செவிலியர் கல்வி மருத்துவமனைக்குள் பிறந்த ஒன்று. 1871-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பயிற்சி தொடங்கியபோதும், 1909-ல் வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் செவிலியர் பயிற்சியைத் தொடங்கியபோதும், நோயாளிகள் முதலில் இருந்தார்கள். படிப்பு அவர்களைச் சுற்றி வளர்ந்தது. வேலூரில் 1946-ல் பட்டப் படிப்பு வந்தபோதும் அந்த உறவு அறுபடவில்லை. இப்போது நான் பார்த்த இடத்தில் வரிசை தலைகீழாகிவிட்டது: பள்ளிக்கு அனுமதி வேண்டும் என்பதற்காக மருத்துவமனை இருக்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பள்ளி மாணவியரை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் சுழற்சி முறையில் அனுப்புகிறது. அங்கே போன வாரங்களைப் பற்றிப் பேசும்போது அந்தப் பெண்களின் குரலே மாறியது. தாய் மருத்துவமனையில் நடப்பவை பெரும்பாலும் சிசேரியன். பிரசவப் பதிவேட்டை நிறைவு செய்யத் தேவையான சுகப்பிரசவங்களைப் பார்க்க அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. ஆனால் பல பள்ளிகளின் மாணவியர் ஒரே பிரசவ அறையில் கூடும்போது யாருக்கு முன்வரிசை என்பது அந்தந்த நாள் பணியில் இருக்கும் சிஸ்டரின் கருணையைப் பொறுத்தது.

இன்னொரு நல்ல விஷயம் அங்கிருந்த டியூட்டர்களில் ஒருவர். அரசு மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர் வகுப்பில் பின்வரிசையில் உட்கார எனக்கு அனுமதி கிடைத்தது. படுக்கை விரிப்பதைக் கற்பித்துக்கொண்டிருந்தார். கேட்க எளிய பாடம். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் அசைய முடியாத நோயாளியின் இடுப்பில் அது எப்படி முதலில் சிவந்து, பிறகு புண்ணாகும் என்பதை அவர் விளக்கியபோது வகுப்பில் ஒரு பேச்சில்லை. பிறகு ஒரு மாணவியையே படுக்கவைத்து, சுருக்கம் உள்ள விரிப்பில் பத்து நிமிடம் அசையாமல் இருக்கச் சொன்னார். அவளுடைய முகம் போன போக்கைப் பார்த்த யாரும் அந்தப் பாடத்தை மறக்க மாட்டார்கள். இப்படி ஒருவர் இருக்கும் பள்ளியை முற்றாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் அவர் அடுத்த ஆண்டும் இருப்பாரா என்று கேட்டதற்கு முதல்வரிடம் தெளிவான பதில் இல்லை.

விடுதி விஷயத்தில் என்னைப் போன்றவர்களுக்கு இப்பள்ளி ஒத்துவராது. மூன்றாண்டும் விடுதியில் தங்கியே ஆக வேண்டும். இரவு எட்டு மணிக்குக் கைப்பேசியை வார்டனிடம் ஒப்படைக்க வேண்டும். பதினேழு வயதுப் பெண்ணுக்கு வகுத்த விதி, எட்டு வயது மகள் இருக்கும் எனக்கும் அப்படியே பொருந்தும் என்றார்கள். மகளுக்கு இரவில் காய்ச்சல் வந்தால் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அலுவலகத் தொலைபேசிக்கு அழைக்கலாம் என்றார்கள். அது மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படும் அலுவலகம்.

அசல் சான்றிதழ்களைப் படிப்பு முடியும்வரை பள்ளியே வைத்திருக்கும் என்பதும், இடையில் விலகினால் மீதி ஆண்டுகளுக்கான கட்டணத்தையும் கட்டிய பிறகே திருப்பித் தரப்படும் என்பதும் வாய்மொழியாகச் சொல்லப்பட்டன. எழுத்தில் கேட்டபோது சிரித்தார்கள். கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருளன்று, அதை ஈடாகப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் நீதிமன்றப் படியேறித்தான் தன் மதிப்பெண் பட்டியலை வாங்க வேண்டும் என்ற நிலையில் ஒருவர் போய் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

பணக் கணக்கு இது. பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 75,000 ரூபாய், விடுதிக்கு 48,000, சீருடை, புத்தகம், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து மூன்றாண்டுக்கு 36,000. ஆக மொத்தம் 4,05,000. என் இன்றைய சம்பளம் மாதம் 19,500. 36 மாதங்களுக்கு 7,02,000. வேலையை விட்டு வருபவர் இந்த இரண்டாவது தொகையையும் கட்டணமாகவே எண்ண வேண்டும். கல்விக் கடன் தரும் வங்கி அதைக் கணக்கில் எடுக்காது. ஆக எனக்கு இந்தப் பட்டயத்தின் விலை 11 லட்சத்துக்கு மேல். முடித்தவர்களுக்கு எங்கள் பகுதித் தனியார் மருத்துவமனைகளில் தொடக்கத்தில் 12,000 முதல் 15,000 வரை கிடைப்பதாக அந்த மாணவியரின் சீனியர்கள் சொன்னார்கள். 2016-ல் உச்ச நீதிமன்ற உத்தரவை ஒட்டி அமைக்கப்பட்ட குழு, 50 கட்டிலுக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. எங்கள் பகுதியில் அது இன்னும் பரிந்துரையாகவே நிற்கிறது. சேர்க்கைக் கையேட்டிலோ வெளிநாட்டு விமானத்தின் படம் போட்டிருக்கிறார்கள். அனுபவமும் மொழித் தேர்வும் அந்தந்த நாட்டின் பதிவுத் தேர்வும் தாண்டித்தான் அந்த விமானம் என்பதைக் கையேடு சொல்வதில்லை. வார்டில் உண்மையாகக் கை பழகாதவர் அந்த அனுபவத்தை எங்கே போய்ப் பெறுவார் என்பதையும் சொல்வதில்லை.

பக்கத்து ஊரில் வீடு இருந்து, வேறு வழியில்லாத பதினேழு வயதுப் பெண்ணுக்கு, அந்த டியூட்டர் இருக்கும்வரை, இப்பள்ளியை ஐந்துக்கு இரண்டரை என்பேன். வேலையை விட்டு வரும் ஒருவருக்கு ஒன்று. நம்மைப் போன்றவர்கள் ஆண்டுகளை விலையாகக் கொடுத்து வாங்குவது நோயாளியின் அருகில் நிற்கும் நேரத்தைத்தான்; அந்தச் சரக்கு இங்கே கையிருப்பில் இல்லை.

நர்சிங் வேண்டாம் என்று நான் முடிவு செய்யவில்லை. இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில், பழைய மிஷன் மருத்துவமனை ஒன்றோடு சேர்ந்த பள்ளிக்குச் சென்ற வாரம் போனேன். இம்முறை வகுப்பறைகளைக் கடைசியில் பார்த்தேன். பெண்கள் வார்டுக்கு வெளியே இருந்த பெஞ்சில் பணி மாறும் நேரத்தில் உட்கார்ந்து கதவு வழியாக எண்ணினேன்: அந்த ஒரு வார்டில் மட்டும் 34 கட்டில்கள், காலி இரண்டு. கட்டில் கட்டிலாக ஒப்படைப்பு நடந்தபோது மாணவிகள் இருவர் சிஸ்டரின் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நடந்தார்கள். ஒருத்தி எழுதியதை சிஸ்டர் வாங்கிப் பார்த்து, ஒரு எண்ணை அடித்துத் திருத்திக் கொடுத்தார். விடுதியில் தங்காமல் வெளியே வீடு எடுத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. விண்ணப்பப் படிவம் வாங்கியாகிவிட்டது. தை மாதம் எனக்கு 34 ஆகிறது.