பாலாற்று ஆய்வை எந்த ஜர்னலுக்கு அனுப்புவது? மூன்று இதழ்கள், ஓர் ஒப்பீட்டு அலசல்

வேலூர் வட்டாரத்தில் சூழலியல் பொருளாதாரம் என்று கிளம்புகிறவர் பெரும்பாலும் வந்து சேருமிடம் பாலாறு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையின் தோல் பதனிடும் ஆலைகள், அவற்றுக்குக் கீழே உள்ள ஊர்களின் கிணறுகள், நெல் வைப்பதை விட்டுவிட்ட நிலங்கள், நீதிமன்றம் சொன்ன இழப்பீடு. வீடு வீடாகப் போய்த் தரவு சேர்த்து, கட்டுரையும் எழுதி முடித்த பிறகுதான் "எந்த ஜர்னலுக்கு அனுப்பலாம், சார்?" என்ற கேள்வி எழுகிறது. அது தலைகீழ் வரிசை. ஒரே தரவிலிருந்து மூன்று இதழுக்கு மூன்று விதமான கட்டுரை வரும். இதழைத் தீர்மானிக்காமல் எழுதினால் மூன்றுக்கும் பொருந்தாத நான்காவது ஒன்றுதான் கையில் மிஞ்சும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் மூன்று: 'எக்கலாஜிக்கல் எகனாமிக்ஸ்', இந்தியச் சூழலியல் பொருளாதாரச் சங்கமான இன்சீ நடத்தும் 'எக்காலஜி, எகானமி அண்ட் சொசைட்டி', மும்பையிலிருந்து வரும் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி', அதாவது இ.பி.டபிள்யூ.

முதலாவது, பன்னாட்டுச் சூழலியல் பொருளாதாரச் சங்கத்தின் இதழ். 1989இல் தொடங்கியது, எல்சிவியர் வெளியிடுகிறது. பெயருக்கு மயங்கி எல்லோரும் முதலில் இங்கேதான் அனுப்புகிறார்கள். பலருக்கு ரிவ்யூவர் (கட்டுரையை மதிப்பிடும் வல்லுநர்) வரை போகாமல் ஆசிரியர் மேசையிலேயே திரும்பிவிடுகிறது. தரவு மோசம் என்பதல்ல காரணம், கேள்வி சின்னது என்பதுதான். "பாலாற்றங்கரை விவசாயிகளின் வருமான இழப்பு எவ்வளவு?" என்ற கேள்வி, பாலாற்றைக் கேள்விப்பட்டிராத வாசகருக்கு எதையும் சொல்லாது. அதே தரவை வைத்து, "மண் உப்பேறுவது போன்ற எளிதில் மீளாத சேதத்தை நீதிமன்றம் ரூபாயாக மாற்றும்போது எது கணக்கில் வராமல் போகிறது?" என்று கேட்டால் பெருவில் ஆய்வு செய்கிறவரும் போலந்தில் ஆய்வு செய்கிறவரும் படிப்பார்கள்.

இன்னொரு வழுக்கல்: சுற்றுச்சூழல் பொருளாதாரமும் சூழலியல் பொருளாதாரமும் ஒன்றென்று நினைப்பது. "நல்ல தண்ணீருக்கு மாதம் எவ்வளவு தரத் தயார்?" என்று கேட்டு, ரிக்ரஷன் என்ற புள்ளியியல் கணக்கை ஓட்டி, சராசரித் தொகையோடு முடிக்கிற கட்டுரைக்கு வேறு இதழ்கள் இருக்கின்றன, கேம்பிரிட்ஜ் வெளியிடும் 'என்விரான்மென்ட் அண்ட் டெவலப்மென்ட் எகனாமிக்ஸ்' அந்த வகை. சூழலியல் பொருளாதாரக்காரர் கேட்பது வேறு. கெட்டுப்போன கிணற்றுக்குப் பணம் ஈடாகுமா, மண், நீர் போன்ற இயற்கை மூலதனத்தை எந்திரமோ ரொக்கமோ ஈடுசெய்யும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள், சேதம் யார் தலையில் விழுந்தது? இதற்குக் கட்டுரையில் இடமே இல்லாவிட்டால், மதிப்பீடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் திரும்பி வரும்.

சமர்ப்பிப்பு வேலை கடினமல்ல. எடிட்டோரியல் மேனேஜர் தளத்தில் கட்டுரை வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கள ஆய்வு என்றால் 'அனாலிசிஸ்'. முறையியல் வாதம் என்றால் 'மெத்தடாலஜிக்கல் அண்ட் ஐடியலாஜிக்கல் ஆப்ஷன்ஸ்'. 'ஹைலைட்ஸ்' என்று 3 முதல் 5 வரிகள். ஒவ்வொன்றும் இடைவெளி உட்பட 85 எழுத்துக்குள். பணம் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படிக்கிறவர் பணம் கட்டும் சந்தா வழியைத் தேர்ந்தெடுத்தால் எழுதுகிறவருக்குக் கட்டணம் கிடையாது. யாரும் இலவசமாகப் படிக்கும் திறந்த அணுக்கம் என்று டிக் செய்தால் ஆயிரக்கணக்கான டாலர். நிராகரிப்புக் கடிதத்தோடு "வேறு இதழுக்கு மாற்றித் தருகிறோம்" என்றும் ஓர் அழைப்பு வரலாம். மாற்றித் தரும் இதழ் முழுக்கக் கட்டண இதழாக இருக்கக்கூடும். சோர்ந்த நேரத்தில் சம்மதம் அழுத்திவிடாதீர்கள்.

இன்சீ இதழ் 2018இல் தொடங்கியது. ஆண்டுக்கு இரண்டு இதழ், எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் கட்டணமில்லை. பாலாற்றின் நுணுக்கங்களுக்கு மதிப்பு இருக்கிற இடம் இது. ஆற்று நீர் பற்றிய 1892 சென்னை-மைசூர் ஒப்பந்தம், ஆலைக் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் இயக்கச் செலவு, ஏரிப் பாசனம் போய் ஆழ்குழாய் வந்தது என்பதெல்லாம் இங்கே அடிக்குறிப்பாகச் சுருங்க வேண்டியதில்லை. ரிவ்யூவர் இந்தியக் களத்தை அறிந்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். அது வசதியும்தான், ஆபத்தும்தான். வேலூர் வட்டாரம் அடங்கிய பழைய வட ஆற்காடு மாவட்டம் யாரும் தொடாத நிலமல்ல. 1970களில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பசுமைப் புரட்சியின் விளைவை இங்கே கிராமம் கிராமமாக அளந்தார்கள். 1980களில் மறு ஆய்வும் நடந்தது. "இப்பகுதியில் ஆய்வுகள் குறைவு" என்று முன்னுரையில் எழுதினால் முதல் பக்கத்திலேயே நம்பகம் போய்விடும்.

இங்கே ஆசிரியர் பெயரையும் ரிவ்யூவர் பெயரையும் ஒருவருக்கொருவர் மறைத்து மதிப்பிடுகிறார்கள். முகப்பில் பெயரை நீக்கினால் போதாது. வேர்டு கோப்பின் பண்புகளில் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், "எங்கள் பல்கலைக்கழக ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது" என்ற வரி காட்டிக்கொடுக்கும், வரைபடத்தின் ஓரத்தில் துறையின் பெயர் இருக்கும். நன்றியுரையைத் தனிக் கோப்பாக்குங்கள்.

இ.பி.டபிள்யூ. 1966 முதல் வருகிறது, வார இதழ், கட்டணமில்லை. கோட்பாட்டுச் சண்டையைவிடக் கொள்கைக் கேள்விக்கு அங்கே மவுசு. நீளமான சிறப்புக் கட்டுரைக்குக் காத்திருப்பு நீளும், வேலைக்கு விண்ணப்பிக்கும் அவசரத்தில் இருப்பவர் இதை நம்பி உட்கார வேண்டாம். ஆனால் குறுங்கட்டுரைகளுக்கான 'கமென்டரி' பகுதி வேறு கதை. 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்றது. 2025 ஜனவரி 30 தீர்ப்போ, இழப்பீட்டை மாநில அரசு முதலில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கட்டும் என்கிறது. ஏறத்தாழ முப்பது ஆண்டில் அந்தக் கொள்கை நடைமுறையில் என்னவாயிற்று என்பது ஒரு நல்ல கமென்டரி. அதற்கு உங்கள் முழு சர்வேயும் தேவையில்லை, இரண்டு அட்டவணை போதும். 1996 வழக்கின் வரலாற்றை இரண்டு பக்கம் எழுதாதீர்கள். அந்த வாசகர்களுக்கு அது தெரியும்.

எந்த இதழானாலும் பாலாற்றுக் கட்டுரையைக் கவிழ்க்கிற பிழைகள் சில உண்டு. பெரியது, தோல் பதனிடப் பயன்படும் குரோமியம். அணு உறிஞ்சல் கருவி காட்டுவது மொத்தக் குரோமியத்தை. அதை அப்படியே நச்சான ஆறிணைதிறன் குரோமியம் என்று எழுதிவிடுகிறார்கள். அதற்குத் தனிச் சோதனை வேண்டும்: டைபீனைல்கார்பசைடு சேர்த்து 540 நானோமீட்டரில் அளப்பது. அது செய்யவில்லையென்றால் 'மொத்தக் குரோமியம்' என்றே எழுதுங்கள். கரைந்த உப்புக்களுக்கும் இரண்டு அளவுகோல் உண்டு. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாத இடத்தில் 2000 வரை. ஆலைக் கழிவுநீருக்கான 2100ஐக் கிணற்று நீரோடு ஒப்பிடக் கூடாது.

அடுத்து அலகு. விவசாயி காணியில் நிலத்தையும் மூட்டையில் விளைச்சலையும் சொல்வார். காணி 1.32 ஏக்கர், ஏறக்குறைய 0.53 ஹெக்டேர். மூட்டை 75 கிலோவா வேறா என்பதை ஊருக்கு ஊர் கேட்டுக் குறித்திருக்க வேண்டும். பின்னால் ஊகித்து நிரப்ப முடியாது. மாவட்டத் தரவு இன்னும் சிக்கல். வட ஆற்காடு 1989இல் பிரிந்தது, வேலூர் 2019இல் மூன்றானது. வாணியம்பாடியும் ஆம்பூரும் இப்போது திருப்பத்தூரில். 2015இன் 'வேலூர்' எண்ணையும் 2022இன் 'வேலூர்' எண்ணையும் ஒரே தொடராக வரைந்தால் பாதி விவசாயம் மாயமானது போலத் தெரியும். வட்ட அளவில் சேர்த்துக் கட்டுங்கள்.

ஒப்பீட்டுக் கிராமத் தேர்வில்தான் ரிவ்யூவர் கடுமையாக நிற்பார். ஆலைக்கு மேலே உள்ள ஊர் 'பாதிக்கப்படாதது' என்று எடுத்தால், ஆற்றில் நீர் வராததும் மணல் அள்ளியதும் அங்கேயும் நிலத்தடி நீரைக் குறைத்திருக்கும். நீர்மட்டத்தையும் நீரின் தரத்தையும் தனித்தனி மாறியாக வைக்காத கட்டுரை இதில் தப்பாது. வீட்டு சர்வேக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண் கேட்கும் இதழ்களும் உண்டு. அதைக் களத்துக்குப் போகும் முன்பே வாங்க வேண்டும்.

பிஎச்.டி. மாணவருக்கு எங்கள் பரிந்துரை: சர்வேக் கட்டுரை இன்சீ இதழுக்கு, தீர்ப்பு பற்றிய குறுங்கட்டுரை இ.பி.டபிள்யூ.வுக்கு. பாலாற்றைத் தாண்டிய வாதம் கையில் இருந்தால் மட்டும் எக்கலாஜிக்கல் எகனாமிக்ஸ். ஏற்கத்தக்க இதழ்களைத் தொகுத்த யு.ஜி.சி. கேர் பட்டியல் 2025இல் கைவிடப்பட்டது. எனவே எந்த இதழ் செல்லும் என்பதை உங்கள் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரே கட்டுரையை இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் வைக்கக் கூடாது. ஓரிடத்தில் திரும்பப் பெற விரும்பினால், ஆசிரியரிடமிருந்து உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்த பிறகே அடுத்த தளத்தில் ஏற்றுங்கள்.