அம்மாவை அம்மாவாகவே எடுத்த ஸ்டுடியோ

அம்மா 36 வருஷம் மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர். ரிட்டயர் ஆக ஒரு வாரம் இருந்தபோது, பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, பஜாரில் ஒரு மாடி ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனேன். அங்கே படமெடுக்கும் தம்பி அந்தப் படத்தையும் எடுத்தார். பிறகு கேட்டார்: "பெரியம்மா, நாளைக்கு நீங்க வேலை செய்யுற இடத்துக்கு வரட்டுமா?"

சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வந்தார். முதல் ஒரு மணி நேரம் கேமராவை வெளியே எடுக்கவே இல்லை. கூட நடந்தார், பேசினார். ரோட்டோரம் காரை நிறுத்தி, பச்சைக்கு நடுவே கலர் சேலையாக எங்கள் பெண்களைக் கேட்காமல் படமெடுத்துப் போகிறவர்களைத்தான் இத்தனை வருஷம் பார்த்திருக்கிறோம்.

கறுப்பு வெள்ளைப் படம். முன்னால் அம்மாவின் கை. கத்திரியைப் பிடித்துப் பிடித்துக் காய்த்த உள்ளங்கை, ஆள்காட்டி விரல் வெடிப்புக்குள் இறங்கிய தேயிலைக் கறை, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் படுதாவில் பனித்துளி. கறையை அவர் கம்ப்யூட்டரில் அழிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது.

தம்பிக்கு ஆதர்சம் பிரேசில்காரர் செபஸ்தியோ சல்காடோ. பொருளாதாரம் படித்து, சர்வதேசக் காபி அமைப்பில் வேலை பார்த்து, அதை விட்டுக் கேமராவுக்கு வந்தவர். 2025 மே மாதம் காலமானார். 1991-இல் ருவாண்டா தேயிலைத் தோட்டத்தில் அவர் எடுத்த படங்களைத் தம்பி போனில் காட்டினார். அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, "இவங்களுக்குக் கூலி என்னப்பா?" என்றார். மதுரைப் பக்கத்துப் புகைப்படக்காரர் பழனிக்குமாரையும் தம்பி சொன்னார்: மீன் விற்ற தன் தாயைப் படமெடுத்தவர், துப்புரவுத் தொழிலாளர் வாழ்க்கையைத் தொடர்ந்து பதிவு செய்கிறவர்.

2015 செப்டம்பரில் போனஸ் குறைந்ததற்காக எங்கள் பெண்கள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்களே, அப்போது தினக்கூலி 232 ரூபாய். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த தம்பி அன்று போனில் எடுத்த படங்களை வைத்திருக்கிறார். ஒன்றில் மூன்றாம் வரிசையில் அம்மா! அதற்குக் காசு வாங்காமல் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். கூட இருந்த மூன்று அக்காமாருக்கும் கொடுத்தார்.

குறையும் உண்டு. நிழலை ரொம்ப இருட்டாக விடுகிறார். முதல் பிரிண்டில் அம்மாவின் ஒரு கண்ணே தெரியவில்லை. சொன்னதும் மாற்றிக் கொடுத்தார். பிரேம் பத்து நாள் தாமதம். பிரேமோடு 1,200 ரூபாய்.

அம்மா ரிட்டயர் ஆகிவிட்டதால், எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைச் சீக்கிரம் காலி பண்ண வேண்டும். அதனால் படத்தை இன்னும் மாட்டவில்லை. பழைய சேலையில் சுற்றி, டிரங்குப் பெட்டி மேல் அம்மா வைத்திருக்கிறார்.