பின்கோடு வடிவம்: குறிப்புச் சேர்ப்பதா, எடுத்துக்காட்டையே மாற்றுவதா?

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள வாளையாற்றுக்கு இருபுறமும் சரக்கு அனுப்புகிறவரின் முகவரிப் பட்டியலில் கோயம்புத்தூர் 641001, பாலக்காடு 678001 இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். தமிழ்நாட்டுப் பின்கோடுகள் 60 முதல் 64 வரையிலும், கேரளத்தினுடையவை 67 முதல் 69 வரையிலும் தொடங்குகின்றன. இவற்றைப் பிரிக்க ரெஜெக்ஸ் (எழுத்துத் தொடரில் குறிப்பிட்ட வடிவத்தைத் தேடும் குறியீட்டு முறை) கற்பிக்கும் தமிழ்க் கையேட்டில் பிழை இருந்தால் அதைத் திருத்த இரண்டு வழிகள் உண்டு: பழைய எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு கீழே குறிப்புச் சேர்க்கலாம், அல்லது எடுத்துக்காட்டையே மாற்றலாம்.

ஏற்கத்தக்க எழுத்துகளைச் சதுர அடைப்புக்குள் அடுக்கும் எழுத்து வகுப்பில் எனக்குத் தயக்கமே இல்லை, மாற்றத்தான் வேண்டும். சதுர அடைப்பு ஒரே ஒரு எழுத்தைத்தான் பிடிக்கும். [67-69] என்று எழுதினால் 7 முதல் 6 வரை என்ற தலைகீழ் வரம்பு உள்ளே வருகிறது. நிரல் பிழை காட்டி நின்றுவிடும். நல்லவேளை என்று சொல்லலாம். [60-64] தான் ஆபத்தானது. அது 0 முதல் 6 வரை ஏதேனும் ஒரு இலக்கத்தைச் சத்தமில்லாமல் ஏற்கும். இதன் கீழே எத்தனை குறிப்பு எழுதினாலும், அவசரத்தில் இருப்பவர் வடிவத்தை மட்டும் நகலெடுத்துப் போவார். முதல் இரண்டு இலக்கங்களுக்கு 6[0-4], 6[7-9] என்று எடுத்துக்காட்டே மாறட்டும்.

இலக்கத்துக்கான பின்சாய்கோடு டி (\d) குறியும் அப்படியே. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் அது 0 முதல் 9 வரை மட்டுமே. பைதான் 3 மொழியில் சாதாரணச் சரங்களுக்கு (எழுத்துத் தொடர்களுக்கு) அது யூனிகோடின் எல்லாப் பதின்ம இலக்கங்களையும் ஏற்கும். 678001ஐத் தமிழ் இலக்கங்களில் எழுதிய ௬௭௮௦௦௧ தேறிவிடும், மலையாள இலக்கங்களும் தேறிவிடும். மூன்று எழுத்து முறைகள் புழங்கும் எல்லைப் பகுதிக்கு [0-9] என்று வெளிப்படையாக எழுதுவதே நாணயம்.

வடிவம் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று கட்டிப்போடும் நங்கூரக் குறிகளில் மட்டும் குறிப்புக்கு நியாயம் இருக்கிறது. $ என்றால் சரத்தின் முடிவு என்று ஒரே வரியில் சொல்வது தவறு. பைதானில் அது கடைசிப் புதுவரிக் குறிக்கு முன்பும் பொருந்தும். ரூபி மொழியில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் பொருந்தும். ஜாவாஸ்கிரிப்டில் பல்வரிக் கொடி (வரிக்கு வரி பொருத்தச் சொல்லும் அமைப்பு) இல்லாதபோது சரத்தின் கடைசியில் மட்டும்தான். பழைய நிரல்களில் $ எங்கும் இருப்பதால், அதைப் படிக்கத் தெரிவதற்காக இந்த வேறுபாட்டைக் கையேடு சொல்லியே ஆக வேண்டும். ஆனால் புதிதாக எழுதுபவருக்குப் பைதானில் 3.4 பதிப்பு முதல் உள்ள ஃபுல்மேட்ச் செயற்கூற்றையே காட்டுவேன். முழுச் சரமும் பொருந்தினால்தான் விடும். தொடக்கத்தைக் குறிக்கும் நங்கூரமான ^, அடைப்புக்குள் முதலில் வரும்போது 'இவை தவிர' என்று பொருள்படுவதற்கு ஒரு வரிக் குறிப்புப் போதும்.

எந்த வழியில் திருத்தினாலும் சோதனை வரிகளையும் உடன் தர வேண்டும். 641001 தேற வேண்டும். அதன் பின்னால் புதுவரி ஒட்டியிருந்தால் தேறக்கூடாது. மாஹேயின் 673310ஐயும் சேருங்கள். அது கேரள வடிவத்தில் தேறும். ஊரோ புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தது. மாநிலத்தின் பெயரைப் பின்கோட்டிலிருந்து ஊகிக்காமல், படிவத்தில் தனிக் கட்டம் வைத்துக் கேட்க வேண்டும்.