காஸ்ட்கோ: சம்பளக் கணக்கு எழுதியவன் பார்வையில்

மகன் வீட்டுக்கு நியூஜெர்சி வந்து நாலு மாதம் ஆகிறது. சனிக்கிழமையானால் காஸ்ட்கோ, வருடக் கட்டணம் கட்டி உறுப்பினரானவர்கள் மொத்தமாகச் சரக்கு வாங்கும் பெரிய கடை. மகன் விலையைப் பார்ப்பான், நான் வேலை பார்ப்பவர்களைப் பார்ப்பேன். கோயம்புத்தூரில் ஒரு நூல் மில்லில் 31 வருடம் சம்பளக் கணக்கு எழுதியவன், பழக்கம் விடவில்லை.

போன வாரம் பில் போட்ட அம்மாளின் பேட்ஜில், வேலைக்குச் சேர்ந்த வருடம் 1998 என்று இருந்தது. 20 பவுண்டு அரிசி மூட்டையைத் தூக்க நான் குனிந்ததுமே வேண்டாம் என்று கைகாட்டி, ஸ்கேனரை நீட்டி வண்டியிலேயே அடித்துவிட்டார். எதிரில் நின்ற பையன் அதற்குள் ஒரு காலிப் பெட்டியில் எண்ணெய் கேனை அடியிலும் முட்டையை மேலேயும் வைத்து அடுக்கிவிட்டான். முன்னால் ஏழு வண்டி நின்றும் பத்து நிமிடம் ஆகவில்லை.

இங்கே பழைய ஆட்களுக்கு மணிக்கு 30 டாலருக்கு மேல் சம்பளம், 2025-இல் ஏற்றியது. ஒரு வருடம் தாண்டியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் வேலையை விடாமல் தொடர்கிறார்களாம். 2024 நிதியாண்டில் லாபம் சுமார் 737 கோடி டாலர். பெரிய தொகைதான், ஆனால் நூறு டாலர் வரவுக்கு மூன்று டாலர்கூட மிஞ்சவில்லை. அந்த வருடம் உறுப்பினர் கட்டணம் மட்டுமே சுமார் 480 கோடி டாலர் வந்தது.

சம்பளத்தை ஏற்றினால் லாபம் தானாக ஏறிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். இந்தக் கடையில் இருப்பது சுமார் 4,000 வகைச் சரக்குதான். லாரியில் வந்த மரப்பலகையோடு அப்படியே இறக்கி வைக்கிறார்கள். அதனால் ஓர் ஆள் கையில் நிறைய வியாபாரம் நடக்கிறது, அந்தச் சம்பளம் கட்டுபடியாகிறது.

எங்கள் மில்லில் நடந்தது வேறு. நூற்பு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பழைய சைடர்களை அனுப்பிவிட்டுக் குறைந்த கூலிக்குப் புது ஆள் எடுத்தார்கள். என் பேரேட்டில் சம்பளம் குறைந்தது, முதலாளிக்குச் சந்தோஷம். இழை அறுந்தால் புது ஆட்களுக்குச் சட்டென்று பிணைக்க வராது, கழிவுப்பஞ்சு ஏறியது. அது பக்கத்து மேசைக்காரர் பேரேடு. இரண்டையும் சேர்த்து வைத்து யாரும் பார்க்கவில்லை, நானும்தான்.

சரி, கடைக்கு வருகிறேன். பை தரமாட்டார்கள். 1.50 டாலர் ஹாட்டாக் 1985 முதல் அதே விலை. நான் சைவம் என்பதால் எனக்குப் பயனில்லை. அரிசி, பாதாம், எண்ணெய் தாராளமாக வாங்கலாம். வெங்காயம் மட்டும் வேண்டாம், இரண்டு பேர் உள்ள வீட்டில் மூட்டை தீர்வதற்குள் முளைத்துவிடும்.