கிணற்றுத் தண்ணீரும் அல்ட்ராசொனிக் கிளீனரும்

கிளிநொச்சியில் சிறிய கராச் ஒன்றை நடத்திவரும் நண்பர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, "அண்ணை, நீங்கள் வைச்சிருக்கிற அந்தக் கழுவிற மெசின் காசுக்குப் பெறுமதியோ? நானும் ஒண்டு எடுக்கட்டோ, விடட்டோ?" என்று கேட்டார். அவர் கேட்ட நேரம் நல்ல நேரமல்ல. வாகனப் பாகங்களைத் தண்ணீருக்குள் ஒலியதிர்வால் கழுவும் அல்ட்ராசொனிக் கிளீனர்தான் அந்த மெசின். அது பழுதுபார்க்கப்பட்டுத் திரும்பி வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது; அதற்குக் கொடுத்த காசு இன்னும் நெஞ்சில் நின்றது. "வாங்காதையும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். இரவு படுத்த பின்னர்தான், இரண்டரை வருடம் என் மேசையில் இருந்து உழைத்த ஒரு பொருளுக்கு அது நியாயமான பதிலல்ல என்று பட்டது. நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 3.2 லீற்றர் தொட்டியும் 40 கிலோஹேட்ஸ் அதிர்வும் ஹீற்றரும் ரைமரும் கொண்ட, எல்லாரும் வாங்குகிற அந்த வகை. வாங்கியது 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில். 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் பெற்றோல் வரிசையில் நின்று களைத்த மோட்டார் சைக்கிள்களும், வாரத்துக்கு நான்கு லீற்றர் என்ற கியூஆர் பங்கீட்டை நம்பி மாதக்கணக்கில் மாமரத்தடியில் சாத்திவைக்கப்பட்டிருந்தவையும், நிலைமை சற்றுச் சீரானதும் ஒன்றன்பின் ஒன்றாக என் முற்றத்துக்கு வரத் தொடங்கின. எஞ்சினுக்குப் பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் காபரேற்றரின் கிண்ணத்தைக் கழற்றினால், வற்றிப்போன பெற்றோல் பனங்கட்டிப் பாகுபோல அடியில் ஒட்டியிருக்கும். புது வாகன இறக்குமதி 2020இலிருந்தே நின்றுபோயிருந்தபடியால், பழையதைத் தூக்கியெறிந்துவிட்டு வேறு வாங்குகிற பேச்சுக்கும் அப்போது இடமில்லை.

அதுவரை யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில், காபரேற்றருக்குள் பெற்றோல் அளவாகப் போகும் துளையுள்ள சின்னப் பாகமான ஜெற் அடைத்தால் ஒரே வைத்தியந்தான்: சைக்கிள் பிறேக் கம்பியைப் பிரித்து அதில் ஓர் இழையை எடுத்துக் குத்துவது. தொண்ணூறுகளில் போர் காரணமாகப் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்தபோது, காபரேற்றருக்குள் இரண்டு துளி பெற்றோலைப் பீய்ச்சி உதைத்து உயிர்கொடுத்துவிட்டு, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடிய ஊர் இது. அந்தக் காலத்தில் கம்பி இழையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரியாத ஆண்பிள்ளை இல்லை. அந்தப் பழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்குத் தொழில் பழக்கியதும் அதுதான். ஆனால், கீகின் கம்பனியின் காபரேற்றரில், எஞ்சினின் மெதுவான ஓட்டத்துக்குப் பெற்றோல் கொடுக்கும் 35ஆம் எண் பைலற் ஜெற் என்றால் அதன் துளை 0.35 மில்லிமீற்றர், பித்தளையோ மென்மையான உலோகம். உருக்குக் கம்பியால் பத்துத் தரம் குத்தினால் அடைப்பும் போகும், அளவும் போகும். பிறகு எந்தத் திருகாணியை எப்படித் திருப்பினாலும் அந்த மெதுவான ஓட்டம் (ஐடில்) நில்லாது.

மெசின் எனக்குத் தந்த முதல் சந்தோசம் அங்கேதான். பழைய ஹொண்டா எம்டி 90 மோட்டார் சைக்கிள் ஒன்று, மூன்று கைகள் மாறி என்னிடம் வந்தது. சோக்கை இழுத்துப் பிடித்தால் ஓடும், விட்டால் நிற்கும். பைலற் ஜெற்றிலிருந்து காபரேற்றரின் உடலுக்குள் வளைந்து போகும் வழி அடைத்திருந்தது. அந்த வழிக்குள் கம்பி திரும்பாது. ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம், 55 பாகைச் சூடு, எட்டு நிமிடம், பிறகு பாகத்தைப் புரட்டிவைத்து இன்னோர் எட்டு நிமிடம். முதல் நிமிடத்திலேயே அந்தச் சின்னத் துவாரத்திலிருந்து கபில நிறத்தில் புகைபோல ஒன்று நூலாக வெளியே வந்து தண்ணீரில் கலைந்தது. மோட்டார் சைக்கிளின் உரிமையாளர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். நானுந்தான். தண்ணீருக்குள் உண்டாகும் கோடிக்கணக்கான நுண்குமிழிகள் உடைகிறபோது அழுக்கை இடித்துப் பெயர்க்கின்றன என்பதை வாசித்து அறிந்திருந்தேன். ஆனாலும் வாசித்தது வேறு, கண்ணால் கண்டது வேறு. (மெசின் ஓடும்போது எங்கள் நாய் படலையடிக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். எங்களுக்குக் கேட்பது சில்வண்டு மாதிரியான ஓர் இரைச்சல் மட்டுமே. எங்கள் காது 20 கிலோஹேட்ஸுடன் நின்றுவிடும், நாயின் காது 40ஐயும் தாண்டும். அதற்கு என்ன கேட்கிறதோ பாவம்.)

இவ்வளவு புகழ்ந்தபின் என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். அது தண்ணீர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழையாகப் பெய்து சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்குவதைத்தான் கிணற்றிலிருந்து அள்ளுகிறோம். வலிகாமத்தில் எந்த வீட்டுக் கேத்தலையும் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் வெள்ளைப் படை இருக்கும். குடிக்கிற தண்ணீரில் அது இருப்பது தெரிந்திருந்தும், கழுவுகிற தண்ணீரில் அது என்ன செய்யும் என்று நான் ஒரு வருடம் யோசிக்கவேயில்லை. மெசினோடு வந்த கைநூலில் "குழாய் நீர் போதும்" என்றிருந்தது. எந்த நாட்டுக் குழாயை மனத்தில் வைத்து அதை எழுதினார்களோ தெரியாது.

முதலில் தொட்டியின் அடி மங்கியது. பிறகு, கழுவிக் காயவைத்த காபரேற்றரின் மேல் சாம்பல் பூசியது போன்ற ஒரு மென்படலம் தோன்றியது. துணியால் துடைத்தால் போய்விட்டது, நானும் பொருட்படுத்தவில்லை. அதன் பின்னர்தான் வாடிக்கையாளர்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். கழுவிக் கொடுத்த மோட்டார் சைக்கிள் மூன்று கிழமை நன்றாக ஓடி, நான்காம் கிழமையில் பழையபடி சந்தியில் நின்றுவிடும். பெற்றோலைக் குறை சொன்னேன், பெற்றோல் ராங்கியின் துருவைக் குறை சொன்னேன், ஒருவரிடம் அவருடைய ஓட்டத்தையே குறை சொன்னேன். கடைசியில் ஒருநாள், கழுவிக் காற்றடிக்காமல் இரவு முழுவதும் தட்டில் விட்டிருந்த ஒரு ஜெற்றை எடுத்துக் காலை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். துளையின் விளிம்பைச் சுற்றி உப்புப் பூத்தது போல ஒரு வெள்ளை வளையம். பெற்றோல் பிசினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சுண்ணாம்பை வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

காரணம் விளங்காத விசயமல்ல. கிணற்று நீரில் கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்று, சூடாகும்போது கரையாத காபனேற்றாக மாறிப் படியும். கேத்தலில் நடப்பதுதான் தொட்டியிலும் நடக்கிறது. மிச்சமாக உள்ளே நிற்கும் துளி காயும்போது தன்னிடமிருந்த சுண்ணாம்பைத் துளைக்குள்ளேயே விட்டுவிட்டுப் போகும். தொட்டியில் படிந்ததைத் தேசிக்காய்ப் புளி விட்டுத் தேய்த்தால் போகிறது, அது எவர்சில்வர். காபரேற்றரின் உடலோ துத்தநாகமோ அலுமினியமோ கலந்த வார்ப்பு. உள்ளே வளைந்து போகும் வழிகளுக்குள் புளியை விட்டு ஊறவைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

துணிவு வரவில்லை என்று இப்போது சொல்கிறேனே தவிர, அதற்கு முன்னரே ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன். தண்ணீரை மென்மையாக்கச் சலவைச் சோடா போடலாம் என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. படித்ததை நம்பி இரண்டு கரண்டி போட்டேன். நீரிறைக்கும் மெசின் ஒன்றின் காபரேற்றரை 60 பாகையில் கால் மணித்தியாலம் விட்டு எடுத்தபோது, வெள்ளி நிறத்தில் உள்ளே போனது கரிச்சட்டி நிறத்தில் வெளியே வந்தது. காரம் அலுமினியத்தை அரிக்கும் என்பதும் அதே பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அதன் சொந்தக்காரர் உரும்பிராயில் வெங்காயம் செய்கிற மனிதர். ஒன்றும் பேசாமல் வாங்கிப் போனார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தீர்வு இருக்கிறது, ஆனால் அது மெசினோடு வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் தகரக் கூரையிலிருந்து வழியும் மழைத் தண்ணீரை, முதல் இரண்டு மழையை விட்டுவிட்டுப் பீப்பாயில் பிடித்துவைத்தேன், மாசிக்குள் முடிந்துவிட்டது. பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீரைப் போத்தல் போத்தலாக வாங்கிப் பார்த்தேன். வேலைக் கூலியில் அதுவும் ஒரு பங்கைத் தின்றது. இப்போது பக்கத்து மருந்துக் கடையின் ஏசி வெளியே சொட்டும் தண்ணீரை ஐந்து லீற்றர் கானில் பிடிக்கிறேன். காற்றின் ஈரப்பதன் குளிர்ந்து வடிகிற தண்ணீர் என்பதால் அதில் சுண்ணாம்பு இல்லை. தூசியைத் துணியில் வடித்தால் போதும். எங்கள் வெக்கைக்கு ஒரு பகலுக்குள் கான் நிறைந்துவிடுகிறது. சவர்க்காரத் தண்ணீரில் ஒருமுறை, வெறும் ஏசித் தண்ணீரில் மூன்று நிமிடம் இன்னொருமுறை, உடனே கொம்பிரசர் காற்று. இந்த ஒழுங்குக்கு வந்தபின் சுண்ணாம்பினால் ஒரு காபரேற்றரும் திரும்பி வரவில்லை. அதேவேளை, ஞாயிற்றுக்கிழமை மருந்துக் கடை பூட்டினால் என் தொழிலும் பூட்டு. கான் நிறைந்துவிட்டதா என்று ஒரு நாளில் நாலு தரம் எட்டிப்பார்க்கும் மனிதனாக நான் மாறியிருப்பதை வீட்டில் உள்ளவர்கள் பகிடியாகச் சொல்கிறார்கள். எனக்கு அது பகிடியாகப் படவில்லை.

இனிப் பழுது. இரண்டு மாதத்துக்கு முன் கழுவலில் ஏதோ குறைந்தது. அலுமினியத் தாளை நனைத்துத் தொட்டியில் நிமிர்த்திப் பிடித்து ஒரு நிமிடம் ஓட விட்டுப் பார்த்தேன். நல்ல மெசின் என்றால் தாள் முழுவதும் அம்மை கண்டது போல ஒரே சீராகப் பொத்தல் விழவேண்டும். வலப்பக்கம் சல்லடையாகியிருந்தது, இடப்பக்கம் கடையில் வாங்கிய மாதிரியே இருந்தது. வானொலி, தொலைக்காட்சி திருத்தும் ஒருவர் அடியைத் திறந்து காட்டினார். அதிர்வை உண்டாக்கும் இரண்டு ட்ரான்ஸ்டியூசர்களில் ஒன்று பசை விட்டு, வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பீங்கான் வளையங்களை உலோகக் கட்டிகளுக்கு நடுவே வைத்துத் திருகாணியால் இறுக்கிய எளிய பொருள் அது. முதலாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடப் புறப்பட்ட பிரெஞ்சு இயற்பியலாளர் லான்ஜவானின் பெயரால்தான் இன்றும் அந்த அமைப்பை அழைக்கிறார்கள். எப்பொக்சி பூசி, ஒரு நாள் முழுவதும் அசையாமல் வைத்து, அவர் அதை ஒட்டிக் கொடுத்தார். விற்ற கடையோ, உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்பதை மட்டும் மிகவும் மரியாதையாகச் சொன்னது.

குற்றத்தை முழுவதும் மெசின்மேல் போட்டால் அது பொய். பசை மலிவுதான். ஆனாலும் கூடையைப் பயன்படுத்தாமல் கனமான பாகங்களை நேரே தொட்டியின் அடியில் வைத்தது நான். சூடேறிய தொட்டிக்குள் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரை ஊற்றியதும் நானே. கூடையைத் தவிர்த்ததற்கும் ஒரு காரணம் இருக்கிறது: தொட்டியின் அளவென்று சொல்வது 240க்கு 135 மில்லிமீற்றர் என்றாலும், கூடையை இறக்கியபின் மிஞ்சும் இடத்துக்குள் பல்சர் காபரேற்றர் ஒன்று போனால் வேறொன்றும் போகாது. வாங்குகிறவர் ஆறு லீற்றரை வாங்குவது நல்லது. இன்னொரு விசயம், தண்ணீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் வேகத்தில் போவதால் 40 கிலோஹேட்ஸில் அலையின் நீளம் நான்கு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு; அடிபடும் இடமும் அடிபடாத இடமும் மாறி மாறி வரும். பாகத்தை இடையிடையே புரட்டாதவர் பாதிக் கழுவலோடு நின்றுவிடுவார்.

பாசையூரிலிருந்து படகு எஞ்சின் காபரேற்றர்களும் வருகின்றன. எண்ணெய்ப் பிசுக்கு அருமையாகப் போகும். உப்புத் தின்ற அலுமினியத்தை எந்த மெசினும் திருப்பித் தராது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வேலையை ஏற்கிறேன். தொட்டிக்குள் பெற்றோலோ தின்னரோ ஊற்றிக் கழுவலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், என் முற்றத்தில் வேண்டாம் என்பதே: அடியில் ஹீற்றர், பக்கத்தில் மின்சாரம், மேலே ஆவி. றப்பர் டயஃப்ரத்தையும் ஓ-றிங்குகளையும் முதலே கழற்றிவிடவேண்டும். கழற்றுகிற வேலை, பூட்டுகிற வேலை, ஊசியின் உயரம் பார்க்கிற வேலை எதையும் மெசின் குறைப்பதில்லை. குறைப்பது நடுவில் இருக்கும் அந்தக் கம்பி குத்துகிற வேலையை மட்டும்.

இவ்வளவையும் யோசித்துவிட்டு மறுநாள் நண்பரை அழைத்தேன். மெசின் நல்லது, என்னிடம் இருப்பதைக் கேட்டாலும் விற்க மாட்டேன், ஆனாலும் உமக்கு வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை என்றேன். இதில் எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டார். வீட்டுக் கேத்தலின் அடியைப் பார்த்துவிட்டு எடுக்கச் சொன்னேன். பின்னேரம் எடுத்தார்.

"அண்ணை, அடி வெள்ளை வெளேரெண்டு கிடக்கு. ஆனால் கராச்சுக்குப் பக்கத்திலை வங்கி இருக்கு. மூண்டு ஏசி."

ஆறு லீற்றர் என்ன விலை என்று விசாரித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். எனக்கு வாய்த்தது ஒன்றுதான், அதுவும் ஞாயிறு பூட்டு.