ஏஜென்ட் படிப்பதற்காக எழுதிய விளக்கம்: ஒரு வருட அனுபவம்

பெங்களூரு பீன்யாவில் பம்ப், வால்வு உதிரிபாகங்கள் வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எந்தப் பாகத்தை யார் தருகிறார்கள், அவர் எந்த ஊர், அந்தப் பாகம் எந்த மெஷினுக்குப் போகிறது, எந்த ஆர்டர் அதற்காகக் காத்திருக்கிறது என்பதெல்லாம் நியோ4ஜே டேட்டாபேஸில் ஒரு கிராஃபாக, அதாவது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமாக இருக்கிறது. புள்ளி நோட், கோடு உறவு. ஒரு நோடிலிருந்து அடுத்த நோடுக்குப் போய்ப் பதில் எடுத்துவர ஒரு சின்ன டூலை எங்கள் டீமே எழுதியது. அதைக் கூப்பிடுவது ஏஐ ஏஜென்ட், அதாவது நாம் கேட்பதற்குத் தானே டூல்களைக் கூப்பிட்டுப் பதில் தேடித்தரும் ஏஐ. அந்த டூலுக்கு டாக்குமென்டேஷன் எழுதும் வேலை எனக்கு வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் எழுதியது பன்னிரண்டு பக்கம். படம், அம்புக்குறி, சொல்விளக்கம் எல்லாம் போட்டிருந்தேன். டீமில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஏஜென்ட் அதில் ஒரு வரிகூடப் பார்க்கவில்லை. ஏஐயையும் டூல்களையும் இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற பொது முறை வழியாகத்தான் எங்கள் டூல் ஏஜென்டிடம் போகிறது. அதில் ஏஜென்டுக்குத் தெரிவது டூலின் பெயர், அதன் விளக்கம், என்னென்ன உள்ளீடு தரவேண்டும் என்ற ஸ்கீமா, அவ்வளவுதான். அந்த விளக்கத்தில் நான் எழுதியிருந்தது ஒரே வரி: ‘கிராஃபில் நோடுகளைத் தொடர்ந்து செல்ல உதவும்.’

அந்த ஒரு வரியால் என்ன ஆனது என்பது ஒரு செவ்வாய்க்கிழமை தெரிந்தது. பர்ச்சேஸில் இருக்கும் சார், ஒரு மெக்கானிக்கல் சீலுக்கு வேறு சப்ளையர் உண்டா என்று ஏஜென்டிடம் கேட்டிருக்கிறார். ‘யாரும் இல்லை’ என்று பதில் வந்தது. அவர் நேரே என் மேசைக்கு வந்தார். “என்னம்மா இது, போன வாரம்தானே ஓசூர்ல அந்த ஆளோட உட்கார்ந்து டீ குடிச்சேன்? இல்லைன்னு சொல்லுதே!”

ஏஜென்ட் டூலை எப்படிக் கூப்பிட்டது என்று பதிவாகும் லாகைத் திறந்து பார்த்தோம். எங்கள் கிராஃபில் ‘சப்ளை செய்கிறார்’ என்ற உறவு சப்ளையரில் கிளம்பிப் பாகத்தில் முடியும். ஏஜென்ட் பாகத்தில் நின்றுகொண்டு வெளியே போகும் உறவுகளைத் தேடியிருக்கிறது. அப்படி ஒன்று இல்லாததால் டூல் காலிப் பட்டியலைக் கொடுத்தது. காலியைப் பார்த்த ஏஜென்ட், ஆளே இல்லை என்று முடிவு கட்டிவிட்டது. ஓசூர் சப்ளையர் அந்த நோடிலிருந்து ஒரே ஒரு படி தள்ளித்தான் இருந்தார்.

அதற்கப்புறம் இரண்டு காரியம் செய்தேன். ஒவ்வொரு உறவையும் விளக்கத்தில் முழு வாக்கியமாக எழுதினேன்: ‘சப்ளையர் பாகத்தைத் தருகிறார். பாகத்திலிருந்து தொடங்கினால் உள்வரும் திசையில் தேடு.’ அடுத்து, காலிப் பட்டியலை மட்டும் திருப்பி அனுப்புவதை நிறுத்தச் சொன்னேன். இப்போது ஏஜென்ட் கொடுத்த ஐடியில் (நோடின் அடையாள எண்) நோடே இல்லையென்றால் டூல் அதைச் சொல்லும். நோட் இருந்து இந்தத் திசையில் உறவு இல்லையென்றால், எதிர்த்திசையில் எத்தனை இருக்கிறது என்றும் சேர்த்துச் சொல்லும். ஏஜென்ட் அதைப் படித்துவிட்டு உடனே திசையை மாற்றிக் கூப்பிடுகிறது. டூல் திருப்பி அனுப்பும் செய்தியும் டாக்குமென்டேஷன்தான் என்பதை இந்த வருடத்தில்தான் முழுதாக உணர்ந்தேன். பன்னிரண்டு பக்கத்தை விட அந்த ஒரு செய்தி அதிக வேலை செய்கிறது.

அடுத்த சிக்கல் ஆழம், அதாவது எத்தனை படி தள்ளிப் போய்த் தேடுவது என்பது. ஒரு நோடுக்கு 20 பக்கத்து நோடுகள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று படி போனால் 8,000 பாதை, நான்காவது படியில் 1,60,000. ஏஜென்டுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லவில்லை. அது பாட்டுக்கு ஐந்து படி கேட்கும். அதிலும் ‘பீன்யா’ மாதிரி ஊர் நோட் நடுவில் வந்துவிட்டால் போச்சு. நூற்றுக்கணக்கான பட்டறைகள் அந்த நோடில் வந்து சேருகின்றன. ஒரு சப்ளையரிலிருந்து பீன்யாவுக்கு ஏறி, அங்கிருந்து இறங்கினால் சம்பந்தமே இல்லாத இன்னொருவர் இரண்டே படியில் வந்து நிற்பார். ஒரே ஊர் என்பதற்காக உறவாகிவிடுமா? இப்போது படி சொல்லாவிட்டால் இரண்டு, அதிகபட்சம் மூன்று, 50 விடைக்கு மேல் இருந்தால் வெட்டிவிட்டு, வெட்டியதை டூல் சொல்லும். விளக்கத்தில் தனியாக ஒரு வரியும் சேர்த்தேன்: ‘ஊர் நோடில் நின்றுவிடு, அதைத் தாண்டி அடுத்த நோடுக்குப் போகாதே.’

பெயர்ச் சிக்கல் கர்நாடகாவில் வேலை செய்பவர்களுக்குப் புதிதல்ல. 2014 நவம்பர் 1 அன்று பெங்களூர் பெங்களூரு ஆனது. மைசூரு, ஹுப்பள்ளி, பெளகாவி எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு ஊர்களுக்குப் பெயர் மாறியது. எங்கள் பழைய பில்களில் ஒரு பெயர், புதிய பில்களில் இன்னொரு பெயர். கிராஃபில் ஒரே ஊர் இரண்டு நோடாக உட்கார்ந்திருந்தது. விக்கிடேட்டா என்ற பொதுத் தகவல்தளத்தில் ஊருக்கு எத்தனை பெயர் இருந்தாலும் எண் ஒன்றுதான், பெங்களூருவுக்கு க்யூ1355. நாங்களும் அந்த வழிக்கு வந்தோம். இரண்டு நோடையும் ஒன்றாக்கி, பெயரைத் தந்தால் ஐடி தரும் தனி டூல் ஒன்று வைத்தோம். முதலில் அதைக் கூப்பிடு, அது தரும் ஐடியை மட்டும் இங்கே கொடு என்று விளக்கத்திலும் ஸ்கீமாவிலும் எழுதினேன்.

இரண்டு இடத்திலும் எழுதக் காரணம் உண்டு: ஐடி கிடைக்காவிட்டால் ஏஜென்ட் கண்ணில் பட்ட எண்ணைப் போட்டுவிடும். விளக்கத்தில் உதாரணத்துக்காக நான் ஒரு பாக எண்ணைப் போட்டிருந்தேன். தர்மபுரியிலிருந்து வந்து எங்களோடு சேர்ந்த தம்பி ஒரு நாள் லாகைக் காட்டி, “அக்கா, இந்த நம்பர் எல்லார் கேள்வியிலும் வருது, பாருங்க” என்றான். பெயர் சரியாகக் கிடைக்காத போதெல்லாம் ஏஜென்ட் என் உதாரண எண்ணையே எடுத்துப் போட்டிருக்கிறது. துரதிர்ஷ்டம், அந்த எண்ணில் நிஜமாகவே ஒரு கேஸ்கெட் இருந்தது. யாரோ பேரிங் பற்றிக் கேட்டால் கேஸ்கெட் பற்றிப் பதில். அன்றைக்கே உதாரணத்தை எடுத்துவிட்டேன். எங்கள் அனுபவத்தில், உதாரணத்தை விட ‘எப்போது இதைக் கூப்பிடக் கூடாது’ என்ற வரிதான் கைகொடுத்தது. நீளத்திலும் கட்டுப்பாடு வேண்டும். கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் விளக்கம் முழுவதும் ஒவ்வொரு உரையாடலிலும் டோக்கனை (ஏஐ படிக்கும் எழுத்தை அளக்கும் அலகு) தின்னும்.

மனிதர்களுக்கான பக்கங்களை நான் தூக்கிப் போடவில்லை. புதிதாகச் சேர்பவர்களுக்கு அந்தப் படங்கள் வேண்டும். ஆனால் உறவுகளின் பட்டியலை இப்போது ஒரே ஃபைலில் வைத்திருக்கிறோம். பக்கமும் டூலின் விளக்கமும் அதிலிருந்துதான் உருவாகின்றன. முன்பு ஒன்றைத் திருத்தி இன்னொன்றை மறந்துவிடுவோம்.

தேதிதான் இன்னும் பாக்கி. மூன்று வருடத்துக்கு முன் சரக்குத் தந்து, பின்பு பட்டறையை மூடிவிட்டவரும் இன்றைக்குத் தருபவரும் கிராஃபில் ஒரே மாதிரி தெரிகிறார்கள். ஒவ்வொரு உறவிலும் கடைசி பில் தேதியைச் சேர்க்கும் வேலை இந்த மாதம் தொடங்கியிருக்கிறது. எந்தெந்தப் பட்டறை மூடியிருக்கிறது என்று பர்ச்சேஸ் சார் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறார். கோயம்புத்தூர் முடிந்தது, ஓசூர் பாதியில் நிற்கிறது.